நிற்கிற கேம், படுத்த திரை: யார் திருப்புவது?

பேக்மேனைக் கம்ப்யூட்டரில் போட்டதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: திரை இவ்வளவு அகலமாக இருக்கிறதே, கேம் மட்டும் ஏன் நடுவில் ஒல்லியாக நிற்கிறது, இரண்டு பக்கமும் ஏன் கறுப்பு? தங்கச்சி மகன் தீபாவளி லீவில் வீட்டுக்கு வந்தபோது அவனும் இதையேதான் கேட்டான். "மாமா, இத இழுத்துப் பெருசாக்க முடியாதா?" முடியும். ஆனால் பக்கவாட்டில் இழுத்தால் பேக்மேன் உருண்டையாக இருக்க மாட்டான், நசுங்கித் தட்டையாகிவிடுவான், ஆவிகள் எல்லாம் குட்டையாகக் குண்டாக அலையும். படத்தை இழுக்க வேண்டியதில்லை, திரையைத் திருப்ப வேண்டும். அதை எப்படிச் செய்வது, ஏன் அப்படி என்று எமுலேட்டர் (பழைய கேம் மெஷின் செய்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்துகாட்டும் மென்பொருள்) பக்கம் இப்போதுதான் காலடி வைத்தவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே மலேசியாவில் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வந்து கேம் கடையில் சில்லறை போட்டு விளையாடிய தலைமுறைக்குப் பாதி விஷயம் கண்ணால் பார்த்ததாகவே இருக்கும். மெஷினுக்கு உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து ஆர்கேட் மெஷின்களில், அதாவது கேம் கடையில் சில்லறை போட்டு விளையாடிய பெட்டிகளில், பெரும்பாலும் இருந்தது பழைய டிவிப் பெட்டி மாதிரியான கண்ணாடிக் குழாய்த் திரை. அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. கேம் செய்கிறவர்கள் அந்தத் திரையைப் படுக்க வைப்பதா, பக்கவாட்டில் சாய்த்து நிற்க வைப்பதா என்று கேமைப் பொறுத்து முடிவு செய்தார்கள். 1978-இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் மேலிருந்து இறங்கி வருகிறார்கள், நாம் கீழே நின்று சுடுகிறோம். இடையில் எவ்வளவு உயரம் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தப்பிக்க நேரம் கிடைக்கும், அதனால் திரை நின்றது. பேக்மேன் (1980), டாங்கி காங் (1981), கேலகா (1981), நம்மில் பலர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட 1942 (அந்த கேம் வந்தது 1984-இல்), அப்புறம் ரைடன் (1990) எல்லாம் நிற்கிற கேம்கள்தான். அடிதடி கேம்களுக்கு இது சரிவராது. ஆளும் ஆளும் எதிரெதிரே நின்று மோதவும் தெருவில் நடந்துபோய் ரௌடிகளை உதைக்கவும் அகலம் வேண்டும். ஃபைனல் ஃபைட் (1989), ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991), மெட்டல் ஸ்லக் (1996) எல்லாம் படுத்த கேம்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெஷினுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கும் திரைக்கும் இந்த நிற்பது படுப்பது எதுவுமே தெரியாது. பேக்மேன் போர்டு அனுப்புவது 288 புள்ளி அகலம், 224 புள்ளி உயரம் கொண்ட படுத்த படம். அதில் புதிர்ப்பாதை, ஆவி, எழுத்து, எண் எல்லாமே பக்கவாட்டில் சாய்த்துத்தான் வரும். போர்டைப் பொறுத்தவரை பேக்மேன் எப்போதும் படுத்தேதான் கிடந்தான். திரையைச் சாய்த்து வைத்ததால்தான் நிமிர்ந்தான். 1985-இல் ஜாமா என்ற பொது இணைப்பு முறை வந்த பிறகு பல கேம்களின் போர்டை ஒரே பெட்டியில் மாற்றி மாற்றிச் செருக முடிந்தது. ஆனால் ரைடன் இருந்த பெட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் போடவேண்டுமானால் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, கனமான குழாயைக் கழற்றி, 90 டிகிரி திருப்பி மறுபடி முடுக்கியாக வேண்டும். இந்தத் தலைவலிக்காகவே 1993-இல் வந்த சேகா ஆஸ்ட்ரோ சிட்டி போன்ற ஜப்பான் பெட்டிகளில் திரையை அப்படியே சுழற்றும் வசதி வைத்திருந்தார்கள்.

இப்போது எமுலேட்டருக்கு வருவோம். 1997-இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கி வைத்த மேம் என்ற எமுலேட்டர்தான் இதில் பெரியண்ணன், இன்றைக்கும் அதைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள். மேம் அந்தப் பழைய போர்டு செய்த வேலையை அப்படியே செய்கிறது, அதனால் அதற்குள்ளும் படம் சாய்ந்துதான் உருவாகிறது. ஆனால் உங்கள் வீட்டு மானிட்டர் படுத்திருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. "சரி, பாவம், இவர் கழுத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டாம்" என்று தானே படத்தை நிமிர்த்தி நடுவில் வைத்துவிடுகிறது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த கல்யாண வீடியோவை டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பு வருமே, அதே கதைதான். எதுவும் கெட்டுப்போகவில்லை, வெட்டுப்படவும் இல்லை; இடம்தான் வீணாகிறது.

எவ்வளவு வீண்? சாதாரண 1920 x 1080 மானிட்டரில் நிற்கிற கேம் 810 x 1080 அளவுக்குத்தான் வரும், திரையின் அகலத்தில் பாதிகூட இல்லை. அதே மானிட்டரைத் திருப்பி நிற்க வைத்தால் 1080 x 1440 வரை போகும். பரப்பளவில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ரைடனில் எதிரிகள் சுடும் குண்டு புள்ளி புள்ளியாக வரும்போது இந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இனிமேல்தான் புதியவர்கள் குழம்பும் இடம். படத்தைத் திருப்பக்கூடிய ஆட்கள் மூன்று பேர்: கையால் மானிட்டரைத் திருப்பும் நீங்கள், விண்டோஸ், எமுலேட்டர். நீங்கள் மானிட்டரைத் திருப்பியதும் அதை ஈடுகட்ட மற்ற இருவரில் ஒருவர் மட்டும் படத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு பேரும் திருப்பினால் படம் மறுபடி சாயும், ஒருவரே தவறான பக்கம் திருப்பினால் தலைகீழாகும். ஒருவருமே திருப்பாவிட்டால் விண்டோஸ் மேசை முழுக்கப் படுத்துக் கிடக்கும். வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: யார் யார் திருப்பியிருக்கிறார்கள்?

முதலில் மானிட்டர். எல்லா மானிட்டரும் சுழலாது. ஆபீஸ்களில் போடுகிற நல்ல வகைகளில் கழுத்து சுழலும் வசதி இருக்கும். ஈப்போவிலோ இங்கேயே பழைய சாமான் கடையிலோ கிடைக்கும் ஆபீஸ் மானிட்டர்களைத் தேடுவது அதனால்தான் லாபம். கழுத்து சுழலாவிட்டால் பின்பக்கம் பாருங்கள்: நான்கு ஓட்டை சதுரமாக, 100 மில்லிமீட்டர் இடைவெளியில் (சிலவற்றில் 75) இருந்தால் அது வேசா அளவு. சதுரம் என்பதால் தாங்கியைக் கழற்றி 90 டிகிரி திருப்பி அதே ஓட்டையில் முடுக்கலாம், அல்லது சுவரில் மாட்டும் கை ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். இதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு: 24 அங்குல மானிட்டரின் நீளப்பக்கம் சுமார் 53 சென்டிமீட்டர், அதனால் மானிட்டரின் நடுப்புள்ளி மேசையிலிருந்து குறைந்தது 27 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி மேசையில் இடிக்கும். வயர்களையும் தளர்வாக விடுங்கள். திருப்பும்போது இழுபட்டு எச்டிஎம்ஐ வாய் உடைந்துபோன மானிட்டர்கள் ரிப்பேருக்கு வருவது உண்டு.

வாங்குவதற்கு முன்னால் இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள், இதைப் பலர் சொல்வதில்லை. மலிவான பழைய மானிட்டர்களில் பெரும்பாலானவை டிஎன் வகை. அவற்றைக் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால் நிறம் கறுத்து மாறிப்போகும், பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. திருப்பி நிற்க வைத்தால் இந்தக் கோளாறு பக்கவாட்டுக்கு வந்துவிடும். நேர் எதிரே உட்கார்ந்தாலும் இடது கண்ணுக்கு ஒரு நிறம், வலது கண்ணுக்கு வேறு நிறம் மாதிரி ஒரு சங்கடம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் தம்பிக்கு இன்னும் மோசம். ஐபிஎஸ் வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை. கடையிலேயே மானிட்டரை எரியவிட்டு, நான்கு பக்கமும் நகர்ந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பழைய குழாய் டிவியைச் சாய்த்து வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். வீட்டு டிவியின் காற்றுத் துளைகள் நிமிர்ந்து நிற்பதற்காக வைக்கப்பட்டவை, சாய்த்தால் சூடு வெளியேறாது. நம் ஊர் மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அது நல்ல யோசனையே இல்லை. கனம் வேறு. போதாக்குறைக்குத் திசை மாறினால் பூமியின் காந்தப்புலத்தால் மூலைகளில் நிறம் திட்டுத்திட்டாகப் படியும். உள்ளே இருக்கும் மின்னழுத்தம் அணைத்த பிறகும் ஆளை அடிக்கக்கூடியது. ஆர்கேட் குழாய்களைச் சாய்த்து மாட்டுவதற்கென்றே சட்டங்கள் செய்தார்கள், டிவிக்கு அப்படி இல்லை.

சரி, மானிட்டர் நின்றுவிட்டது. இனி விண்டோஸ் திருப்பட்டுமா, எமுலேட்டர் திருப்பட்டுமா?

மானிட்டர் நிரந்தரமாக நின்றே இருக்கப் போகிறது என்றால் விண்டோஸிடம் விடுவதுதான் சுலபம். டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய் திசை என்ற இடத்தில் போர்ட்ரெய்ட் என்று வையுங்கள், படம் தலைகீழாக வந்தால் அங்கேயே இருக்கும் இன்னொரு போர்ட்ரெய்டைத் தேர்ந்தெடுங்கள். மேமில் எதையும் தொட வேண்டாம். உயரமான திரை ஒன்று கிடைத்திருக்கிறது என்று அதுவே தெரிந்துகொண்டு நிற்கிற கேமைப் பெரிதாகக் காட்டும். படுத்த கேமைப் போட்டால் அதையும் நிமிர்த்தித்தான் காட்டும், ஆனால் சின்னதாக.

மானிட்டரை அடிக்கடி திருப்பித் திருப்பி விளையாடுகிறவர் என்றால் விண்டோஸைப் படுத்தபடியே விட்டுவிட்டு மேமிடம் வேலையைக் கொடுங்கள். மேமின் அமைப்புகளில் சுழற்சிக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே 'இடப்பக்கம் திருப்பு', 'வலப்பக்கம் திருப்பு' என்ற பொருளில் இரண்டும், அவற்றுக்கே 'தானியங்கி' வடிவம் இரண்டும் பார்க்கலாம். சாதாரண வடிவம் எல்லா கேமையும் திருப்பும். தானியங்கி வடிவம் நிற்கிற கேமை மட்டும் திருப்பும், படுத்த கேமைத் தொடாது, அதற்கு நீங்கள் மானிட்டரை மறுபடி படுக்க வைத்துக்கொள்வீர்கள் என்று அது நம்புகிறது. எந்தப் பக்கம் என்பது மானிட்டரைப் பொறுத்தது: உங்கள் மானிட்டர் கடிகார முள் திசையில் சுழன்றால் தானியங்கி இடப்பக்கம், எதிர்த்திசையில் சுழன்றால் தானியங்கி வலப்பக்கம். மானிட்டர் போன திசைக்கு எதிராகப் படம் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதே பகுதியில் வெறுமனே 'திருப்பு' என்று ஒன்று, ஏற்கெனவே போட்டபடி இருக்கும். படத்தை நிமிர்த்துகிறது என்று சொன்னேனே, அந்த வேலையைச் செய்வது இதுதான். இதை அணைத்தால் போர்டு அனுப்புகிற சாய்ந்த படம் அப்படியே வரும், மானிட்டரையும் சாய்த்திருக்கிறோம், பிறகு ஏன் எமுலேட்டர் வீணாகத் திருப்ப வேண்டும் என்று கெட்டிக்காரர்கள் யோசிப்பார்கள். யோசனை நல்லதுதான், ஒரே ஒரு இடத்தில் கவிழ்த்துவிடும். கேம் கம்பெனிகள் எல்லாம் திரையை ஒரே பக்கமாகச் சாய்க்கவில்லை. பேக்மேனும் கேலகாவும் ஒரு பக்கம், ஸ்பேஸ் இன்வேடர்ஸும் 1942-உம் எதிர்ப்பக்கம். 'திருப்பு' என்பதை அணைத்துவிட்டால் பேக்மேன் சரியாக வரும் மானிட்டரில் 1942 தலைகீழாகப் பறக்கும். மேலே சொன்ன இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாம் முதலில் ஒவ்வொரு கேமையும் நிமிர்த்திவிட்டு அப்புறம் உங்கள் மானிட்டருக்காகத் திருப்புவதால் இந்தச் சிக்கல் வராது. அதனால் அதை அணைக்காதீர்கள்.

நிற்கிற கேமுக்கு ஒரு மாதிரி, படுத்த கேமுக்கு வேறு மாதிரி அமைப்பு வேண்டுமென்றால் அதற்கும் மேமில் வழி இருக்கிறது. 'வெர்ட்டிக்கல்', 'ஹாரிசான்ட்' என்ற பெயரில் இரண்டு ஐஎன்ஐ கோப்புகளை (அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பு) செய்து வைத்தால் கேமின் திசையைப் பார்த்து அது பொருத்தமானதைத் தானே படித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் இது வேண்டாம், இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பல எமுலேட்டர்களை ஒரே இடத்திலிருந்து ஓட்டும் ரெட்ரோஆர்ச் பயன்படுத்துகிறவர்களுக்கு வீடியோ அமைப்புக்குள் சுழற்சி இருக்கிறது, ஒவ்வொரு கேமுக்கும் தனியாகச் சேமிக்கலாம். அதற்குள் ஃபைனல்பர்ன் நியோவை ஓட்டினால் அந்தக் கோரின் (ரெட்ரோஆர்ச்சுக்குள் ஓடும் எமுலேட்டருக்கு அப்படித்தான் பெயர்) அமைப்பிலும் நிற்கிற திரைக்கென்று ஒரு தேர்வு உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மறுபடி இரண்டு பேர் திருப்பிய கதைதான். மானிட்டரே இல்லாமல் முயன்று பார்க்க நினைத்தால் கையில் இருக்கும் போனே போதும், நிமிர்த்திப் பிடித்தால் அதுவே நிற்கிற திரை. பட்டனும் விரலும் படத்தை மறைக்காமல் கீழே மிச்சம் இருக்கும் இடத்தில் வந்துவிடும். கேலகாவுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

கேம் கோப்புகளைப் பற்றி ஒரு வரி. அவை பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு உரிமையுள்ளவை, இணையத்தில் கிடைக்கிறது என்பதால் நம்முடையதாகிவிடாது. உரிமையாளர் அனுமதியுடன், வியாபாரம் அல்லாத பயனுக்காக இலவசமாகத் தரப்படும் சில கேம்கள் மேம் குழுவின் தளத்திலேயே இருக்கின்றன, பழகுவதற்கு அங்கிருந்து தொடங்கலாம்.

திருப்பியாகிவிட்டது, கேம் பெரிதாக வந்துவிட்டது, இரண்டு பேர் விளையாட ஆரம்பித்தீர்கள், முதல் ஆள் அவுட், இரண்டாம் ஆள் முறை வந்ததும் படம் திடீரென்று தலைகீழாகிவிட்டது. பதறி அமைப்புகளை எல்லாம் மாற்றிவிடாதீர்கள், உங்கள் சுழற்சியில் தப்பே இல்லை. அந்தக் காலத்தில் மேசை வடிவ மெஷின் ஒன்று இருந்தது, கண்ணாடி மேல்தட்டுக்கு அடியில் திரை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு நேராகத் தெரியட்டும் என்று போர்டே படத்தைக் கவிழ்த்துக் காட்டும். போர்டில் டிப் சுவிட்ச் என்று குட்டிக் குட்டி சுவிட்சுகள் இருக்கும், அதில் ஒன்று பெட்டி நிற்கிற வகையா மேசை வகையா என்று சொல்வது. மேமில் டேப் விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் அந்தச் சுவிட்சுகள் அப்படியே இருக்கின்றன. பெட்டி வகையை நிற்கிற வகைக்கு மாற்றிவிட்டு கேமை மறுபடி தொடங்குங்கள், சரியாகிவிடும். யாராவது உண்மையிலேயே பழைய கோப்பி மேசையில் மானிட்டரை மல்லாக்கப் போட்டு மெஷின் செய்யப் போகிறீர்கள் என்றால் இதே சுவிட்ச்தான் உங்களுக்கு வேண்டியது.

படத்தின் அளவைப் பற்றியும் கொஞ்சம். மேமில் விகிதத்தைக் காப்பாற்றும் அமைப்பு தானாகவே போட்டிருக்கும், அதை அணைக்காதீர்கள். ரெட்ரோஆர்ச் என்றால் விகிதத்தைக் கோர் சொல்லுகிறபடி விட்டுவிடுங்கள். சிலருக்குப் புள்ளி ஒவ்வொன்றும் முழு மடங்கில் கூர்மையாக இருக்க வேண்டும். பேக்மேன் நிமிர்ந்தால் 224 x 288. படுத்த 1080 மானிட்டரில் அதிகபட்சம் 3 மடங்கு, அதாவது 672 x 864. நிற்க வைத்தால் 4 மடங்கு, 896 x 1152. ஐந்தாவது மடங்குக்கு 1120 புள்ளி அகலம் வேண்டும், 40 புள்ளியில் தவறிப்போகிறது, எரிச்சல்தான். என்னைக் கேட்டால் முழு மடங்கைப் பிடித்துத் தொங்காமல் திரையை நிரப்பிவிடுவேன், அரை ஆள் தூரத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது.

பழைய குழாய் மாதிரி கோடு கோடாகத் தெரிய வேண்டும் என்று ஷேடர் (படத்தின் தோற்றத்தை மாற்றும் சின்ன நிரல்) போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நிற்கிற கேமில் குழாயே சாய்ந்திருந்தது, அதனால் அந்தக் கோடுகளும் சாய்ந்து மேலிருந்து கீழாகத்தான் ஓடின. நிமிர்ந்த பேக்மேன் மேல் படுக்கைக் கோடு போட்டிருக்கும் படங்களைப் பார்த்தால் அது அழகுக்காகப் போட்டது, பழைய மெஷின் அப்படி இருந்ததில்லை.

கடைசியாக, வீட்டில் ஒரே மானிட்டர்தான், நீங்கள் ரைடன் பிரியர், வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர்தான் உயிர் என்றால்? நிற்கும் 1080 மானிட்டரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 1080 x 810 தான் வரும், மேலும் கீழும் வெறும் கறுப்பு, பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். சுழலும் கழுத்து இருந்தால் திருப்பித் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அகலத்திரை மானிட்டரை மறந்துவிட்டு, 19 அங்குலத்தில் 1280 x 1024 என்று ஒரு காலத்தில் எல்லா ஆபீஸிலும் இருந்ததே, கிட்டத்தட்டச் சதுரமான மானிட்டர், அதில் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். திருப்பவே வேண்டாம். படுத்த கேம் 1280 x 960 வரும், ஏறக்குறைய முழுத் திரை. நிற்கிற கேம் 768 x 1024 வரும், திரையின் அகலத்தில் 60 சதவீதம். அகலத்திரையில் கிடைத்த 42 சதவீதத்தோடு ஒப்பிட்டால் மோசமில்லை. பழைய சாமான் கடையில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதால் விலை பேசவும் சுலபம், ஆனால் எச்டிஎம்ஐ வாய் பெரும்பாலும் இருக்காது, விஜிஏ அல்லது டிவிஐ தான், அதற்கான மாற்றி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.